கரட்டுப்பட்டி விலக்கு வந்தால் சொல்கிறேன்

சொல்கிறேன் அக்கா, கட்டாயம் சொல்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து கரட்டுப்பட்டிக்குப் பிரிகிற விலக்குதானே? நான் ராஜபாளையம் வரைக்கும் போகிறேன், எனக்குத் தெரிந்த வழிதான். கவலையே படாமல் சாய்ந்து உட்காருங்கள். என்ன ஒரு பொருத்தம் பாருங்கள்! மாட்டுத்தாவணியில் பாதி பஸ் காலியாகக் கிடக்கிறது, நீங்கள் நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உட்கார்ந்த கையோடு 'விலக்கு வந்தா சொல்லும்மா' என்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அக்கா நான் ஒன்றரை வருடமாக ஒழிக்கப் பார்க்கிறேன்.

ஐயோ, உங்களைச் சொல்லவில்லை. வாக்கியத்தைச் சொன்னேன்.

என் பெயர் சுடர்க்கொடி. எம்.எஸ்ஸி. கடைசி வருடம். என் பேச்சு கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும், தப்பாக நினைக்காதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பேச்சுப்போட்டி, பட்டிமன்றம் என்று போய்ப் போய் வாய் அப்படியே பழகிவிட்டது. ஹாஸ்டலில் 'உப்பு எடு' என்று சொன்னால்கூட நடுவர் அவர்களே என்று ஆரம்பிக்கிறேனாம். பொறாமை பிடித்தவர்கள் சொல்வது.

அக்கா, எனக்கு நீங்கள் ஒரு உதவி செய்யவேண்டும். பணம் கேட்கமாட்டேன், ஓ.டி.பி. கேட்கமாட்டேன். நீங்கள் பேசவேண்டும், நான் கேட்கவேண்டும், அவ்வளவுதான். இந்தப் போனில் பதிவு செய்துகொள்கிறேன். நாளைக் காலையில் என் கைடு ஜெயசீலி மேடத்திடம் இந்தப் பதிவைக் கொடுக்காவிட்டால் எனக்கு டிகிரி கிடையாது. ஜூன் மாதம் பெங்களூரில் வேலையில் சேரவேண்டும், டிகிரி இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. எல்லாம் இப்போது உங்கள் வாயில்தான் இருக்கிறது. சம்மதமா? தலையாட்டினால் போதாது, சம்மதம் என்று சொல்லவேண்டும், அதுதான் முறை.

சரி, பதிவு ஓடுகிறது. மடியில் இருக்கும் அந்த அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் நேராக வையுங்கள், போனை அதன்மேல் வைத்துக்கொள்கிறேன். உள்ளே என்ன, வளையலா? கலகலவென்று சத்தம் வருகிறதே. பெட்டியை ஆட்டாமல் பிடித்துக்கொள்ளுங்கள், பதிவில் விழும்.

கேள்விக்குப் போவதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டே நிமிடம். அப்போதுதான் என்ன பதில் சொல்லவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

என் படிப்பு என்னவென்றால், போனிலோ ஏ.டி.எம்.மிலோ மனிதர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, தடுமாறாதபடி வடிவமைப்பது. அதற்கு அஸ்திவாரம் பயனர் ஆய்வு. யார் பயன்படுத்தப்போகிறாரோ அவரிடம் போய் உட்கார்ந்து, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டும், என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்கவேண்டும். நம் நாட்டில் யார் அக்கா கேட்கிறார்கள்? ஒரு பஸ் ஸ்டாண்டு கட்டுகிறான், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே வைக்கலாம் என்று ஒரு பெண்ணைக் கேட்டானா? கேட்கவில்லை. இந்த சீட்டையே பாருங்கள், உங்கள் கால் தரையில் படுகிறதா? நீங்கள் பதில் சொல்லவேண்டாம், எனக்கே தெரிகிறது, படவில்லை. யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த ஆத்திரத்தில்தான் நான் இந்தப் படிப்பிலேயே சேர்ந்தேன்.

என் ப்ராஜெக்ட், 'இறங்கிடம்' என்று ஒரு செயலி. பஸ்ஸில் ஏறியதும் எங்கே இறங்கவேண்டும் என்று அதில் தட்டிவிட்டால் போதும். அந்த இடம் நெருங்கும்போது வாய்விட்டுச் சொல்லும், அதிரும், விளக்கு எரியும். இதோ, உங்களுக்காகக் கரட்டுப்பட்டி விலக்கு என்று போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவேண்டாம், யார் தயவும் வேண்டாம். நான் மேடத்திடம் வாதாடினேன். "மேடம், ஒரு பெண் முன்பின் தெரியாத ஒருவரிடம் 'எடம் வந்தா சொல்லுங்க' என்று கெஞ்சுவது அடிமைத்தனம். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிவிட்டால்? மறந்துவிட்டால்?" என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கெஞ்சறாங்கன்னு யாரு சொன்னா? நீ போய்க் கேட்டியா?" என்றார். கேட்காமலா சொல்கிறேன்? நானே ஒரு பெண்தானே?

என்ன அக்கா? திருமங்கலமா? ஆமாம், இது திருமங்கலம்தான். உங்கள் இடத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

முதல் முறை நான் களத்துக்குப் போனது மாட்டுத்தாவணிக்கு. பாடத்தில் ஒரு முறை இருக்கிறது. பயனரைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாமல் நிழல் மாதிரி கூடவே போய்க் கவனிப்பது. நான் ஒரு அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். கட்டைப்பை, குடை, கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி. அவர் விருதுநகர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனால் நானும் போனேன். ராஜபாளையம் பஸ்ஸைத் தேடினார், நானும் தேடினேன். கழிப்பறைக்குப் போனார், நான் வாசலில் நின்றேன். எவ்வளவு நுட்பமான தகவல் தெரியுமா! அவர் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கவே இல்லை, ஆட்களின் முகத்தைத்தான் படித்தார். அதை நான் போனில் தட்டிக்கொண்டிருக்கும்போதே திரும்பி நின்று, "ஏய், எதுக்குடி அப்ப இருந்து எம்பின்னாடியே வாரே?" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! "சங்கிலியப் பாத்தியா? சங்கிலியவா பாத்தே?"

நான் பொறுமையாக விளக்கினேன். "அம்மா, நான் உங்களைக் கவனிக்கிறேன் என்பதை நீங்கள் மறந்துவிடவேண்டும். அதுதான் இந்த ஆய்வின் வெற்றி" என்றேன். கூட்டம் கூடிவிட்டது. புறக்காவல் நிலையத்தில் என்னை உட்காரவைத்தார்கள். அந்த ஏட்டையாவிடம் நான் கவனிப்பு ஆய்வின் அறம் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயி, ஒன்னய விட்டுட்டேன், நீ என்னய விட்டுரு" என்றார். படித்தவர் இல்லை, பாவம்.

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் போகவில்லை. பயம் ஒன்றும் இல்லை. கொள்கை.

வீட்டில் சோதித்துப் பார்த்தேன். அம்மாவிடம் போனைக் கொடுத்து, "அம்மா, மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இதைப் பயன்படுத்து" என்றேன். இதுவும் பாடத்தில் உள்ள முறைதான். யோசிப்பதைச் சத்தமாக யோசிக்கவேண்டும். அம்மா போனைக் கையில் வாங்கி, சத்தமாக, "இவ ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டா" என்றாள். "அம்மா, செயலியைப் பற்றி!" என்றேன். "ஆப்பு நல்லாருக்கும்மா. கலரு நல்லாருக்கு. ஹாஸ்டல்ல முட்டை போடுறாங்களா இல்லையா?" என்றாள். செயலியைத் திறக்கவே இல்லை, திறக்காமலே நன்றாக இருக்கிறதாம். நான் "திருப்தி, ஐந்துக்கு ஐந்து" என்று எழுதிக்கொண்டேன். வேறு என்ன எழுதுவது? நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது இல்லை, நன்றாக இல்லை என்று சண்டை பிடிக்க முடியுமா?

இப்படி இருக்கும்போதுதான் முத்துச்செல்வி அக்காவைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். நேர்காணலுக்கான கேள்விகளைப் பிரதி எடுக்க அவர் கடைக்குத்தான் போவோம். பிரதி எடுத்துத் திரும்பினால் கண்முன்னே யார் நிற்கிறார்? முத்துச்செல்வி அக்கா. மாணவி இல்லை, பேராசிரியை இல்லை, நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர், துரத்தமாட்டார். இதைவிட ஒரு பயனர் வேண்டுமா?

"அக்கா, நீங்க பஸ்ல போவீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கடை கீழ, வீடு மாடில."

"சரி, போனா?"

"போனா போவேன்."

"அப்படிப் போறப்ப, எறங்குற எடம் தெரியாம ரொம்பக் கஷ்டப்படுவீங்கள்ல?"

"நீ சொல்றதப் பாத்தா கஷ்டமாத்தான் இருக்கும்போல. எத்தனை காப்பி?"

பார்த்தீர்களா, 'கஷ்டமாத்தான் இருக்கும்'! நான் சொல்லவில்லை, அவர் வாயால் சொன்னது. பதிவு இருக்கிறது. அப்புறம் மேற்கோள் மாதிரி ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. அறிக்கையில் பயனர் படம் போட்டு, பக்கத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போடவேண்டும், படிக்கிறவர் மனம் உருகவேண்டும். அதே நேரம் பார்த்துக் கடை வாசலில் யாரோ சாக்கடைக்காகக் குழி தோண்டிப் போட்டுப் போயிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்து, "நம்மள ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சா என்ன, கொறஞ்சா போயிருவாங்க?" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. என் மொத்த ப்ராஜெக்டும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறதே! குழிப் பேச்சை நீக்கிவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயரைக் கௌசல்யா என்று மாற்றினேன். வயது நாற்பத்திரண்டு, தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். பெயரை மாற்றுவது ஏமாற்று இல்லை அக்கா, மேடமே சொல்லிக்கொடுத்ததுதான். "பேர மாத்துங்க, ஊர மாத்துங்க, ஆளு யாருன்னு எவருக்கும் தெரியக்கூடாது, அது அவங்க ரகசியம்" என்பார். நான் விதியைத்தான் பின்பற்றினேன்.

இல்லை அக்கா, இது கள்ளிக்குடிப் பாதை இல்லை, அது விருதுநகர் ரோடு. நாம் கல்லுப்பட்டி வழியாகப் போகிறோம். நீங்கள் முதல் தடவையா வருகிறீர்கள்? மேலூரா உங்களுக்கு? சரி சரி. நான்தான் இருக்கிறேனே.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். வழுக்கைத் தலை, குறும்புச் சிரிப்பு. முதலில் என் வகுப்பு கோகுல்கண்ணன். விவசாயிகளுக்கு மழை சொல்லும் செயலி. திரையில் படம் வருகிறது, தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், முனியாண்டி, வயது ஐம்பத்தெட்டு. பக்கத்தில் பெரிய எழுத்தில், 'நம்மள ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சா என்ன, கொறஞ்சா போயிருவாங்க?' எனக்கு எங்கேயோ இடித்தது. அடுத்து ரிஸ்வானா. முதியவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தும் செயலி. சரோஜா, வயது எழுபத்தொன்று, சர்க்கரை நோயாளி. 'நம்மள ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சா என்ன, கொறஞ்சா போயிருவாங்க?'

மூன்றாவது நான்.

நான் கௌசல்யாவைத் திரையில் போட்டதும் அந்தத் தேர்வாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம்மா, இவங்க மூணு பேரும் ஒண்ணா ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்களா?" என்றார்.

வேறு யாராவது இருந்தால் அங்கேயே அழுதிருப்பார்கள். நான் பேசினேன். "ஐயா, ஓர் உழவர், ஒரு நோயாளி, ஒரு பயணி. வயது வேறு, தொழில் வேறு, ஊர் வேறு. மூவர் நெஞ்சிலிருந்தும் ஒரே வாக்கியம் பிறக்கிறது என்றால், அது தற்செயலா? இல்லை ஐயா, அது இந்த மண்ணின் குரல்!" என்றேன். மேசையைத் தட்டினேன். பின் வரிசையில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். தேர்வாளர் ஒரு நிமிடம் அசந்துதான் போனார். நான் ஜெயித்திருப்பேன் அக்கா, சத்தியமாக ஜெயித்திருப்பேன். அந்த ரிஸ்வானா எழுந்து, "சார், அது மண்ணு இல்ல சார், ஜெராக்ஸ் அக்கா" என்றாள்.

 தேர்வாளர் மெதுவாகக் கோகுலைப் பார்த்து, "விவசாயி முனியாண்டியும் அவங்கதானா?" என்றார்.

"ஆமா சார். பேர மாத்திட்டேன் சார். மேடம்தான் ஆளு தெரியக்கூடாதுன்னு சொன்னாங்க."

"அதுக்காக மீசை எல்லாமா வச்சு விடுறது?"

நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "அக்கா, எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லலாமா? இது நியாயமா?" என்று கேட்டேன். அவர் காகிதக்கட்டை மெஷினில் சொருகிக்கொண்டே, "குழியை இன்னும் மூடலியேம்மா, நான் என்ன செய்ய? வந்தவங்ககிட்டல்லாம் சொல்லத்தான் செய்வேன்" என்றார். பிறகு, "உங்க மூணு பேர்ல ஒருத்தராச்சும் அதப் போய் எங்கயாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார்.  நான் சாக்கடைத் துறையா? பயனர் ஆய்வு அக்கா, என் துறை பயனர் ஆய்வு!

மூன்று பேரையும் திரும்பச் செய்யச் சொல்லிவிட்டார்கள். ரிஸ்வானா அவள் பெரியம்மா பக்கத்தில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். கடைசியில், பெரியம்மாவுக்கு மாத்திரை மறக்கவே இல்லை, சாப்பிட்டால் குமட்டுகிறது என்பதால் மறந்ததுபோல் காட்டிக்கொள்கிறாள், அதனால் தன் செயலியே தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு வருட வேலையைத் தேவையில்லை என்று தானே எழுதுகிறவளை என்ன சொல்வது? மேடம் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண் கொடுத்தார்! நான் விடவில்லை. மேடத்தின் அறைக்குப் போய் வாதாடினேன்.

மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுடர், ஜெராக்ஸ் அக்காகூட நீ பேசின பதிவைப் போட்டுக் கேட்டேன். அதுல அந்தம்மா பேசுனத மட்டும் ஒரு மூச்சுல வாசிச்சிரலாம். மிச்சமெல்லாம் நீதான்" என்றார்.

"மேடம், சூழலை விளக்காமல் எப்படி—"

"பாத்தியா? இப்பக்கூட." விரலை உதட்டில் வைத்துக்காட்டினார், சின்னப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி. "ஞாயித்துக்கெழம ஏதாச்சும் ஒரு பஸ்ல ஏறு. பக்கத்துல உட்கார்ற அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. கேட்டுட்டு வாயை மூடு. அவங்க ஜன்னலப் பாத்தா நீயும் பாரு. அவங்க சொல்றத மாத்தாத, திருத்தாத, முடிக்காத. திங்கக்கெழம காலைல அந்தப் பதிவு எம்மேசைல இருக்கணும். அதுல அவங்க குரல் நெறைய, உங்குரல் கொஞ்சம். இல்லைன்னா அடுத்த வருசம் பாக்கலாம்."

இதுதான் அக்கா என் கதை. என்னைப் பார்த்தால் அப்படிப் பேசிக்கொண்டே இருக்கிற பெண் மாதிரியா தெரிகிறது? நீங்களே சொல்லுங்கள். பார்த்தீர்களா, நீங்கள்கூட ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?

இதோ, போன் பேச ஆரம்பிக்கிறது. 'அடுத்து' 'அடுத்து' என்று எதையோ சொல்லவருகிறது, அது செயலியின் குரல்தான். இருங்கள், அதன் வாயை மூடிவிடுகிறேன், நாம் பேசும்போது நடுவில் புகுந்து பதிவைக் கெடுத்துவிடும். ம், மூடியாயிற்று. இப்போது பெட்டி அதிர்கிறதா? அது ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு அதுவே நின்றுவிடும். வளையல் எல்லாம் சேர்ந்து என்ன சத்தம் போடுகிறது பாருங்கள்!

இந்தக் கண்டக்டருக்கு என்னவாம், "வெலக்கு, வெலக்கு, எறங்குறது யாரு" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்? பதிவில் இவர் குரல்தான் விழும் போலிருக்கிறது. அண்ணே, கொஞ்சம் மெதுவா! நீங்கள் ஏன் அக்கா எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள், உட்காருங்கள். இந்த ரோட்டில் அடிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. இது வேறு ஏதோ விலக்கு. நான்தான் சொல்கிறேன் என்றேனே, என்மேல் நம்பிக்கை இல்லையா? யாரும் இறங்கவில்லை பாருங்கள், பஸ் கிளம்பிவிட்டது. வெளியே ஒரு ஆள் மட்டும் மொபெட்டில் உட்கார்ந்து பஸ்ஸையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், யாருக்கோ காத்திருக்கிறார் போல. இந்த மாதிரி எத்தனை பேர் பாவம், யார் எங்கே இறங்குவார்கள் என்று தெரியாமல் ரோட்டோரம் வெயிலில் நிற்கிறார்கள். என் செயலி இருந்தால் இந்த நிலைமை வருமா?

நீங்கள் அடிக்கடி ஜன்னல் பக்கம் பார்க்கிறீர்கள். மற்ற மாணவர்களாக இருந்தால் 'பயனருக்கு ஆர்வம் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். 'ஆழ்ந்த சிந்தனை' என்று எழுதுவேன். கையைப் பிசைகிறீர்கள், அது ஈடுபாடு. இப்போது ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நான் முறைப்படி கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். கேள்விக்கு முன்னால் வரும் பதிலை மேடம் ஏற்றுக்கொள்ளமாட்டார்.

சரி. இதுதான் அந்த ஒரே கேள்வி. நன்றாக யோசித்து, உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து சொல்லவேண்டும். நான் வாயே திறக்கமாட்டேன், சத்தியம்.

அக்கா, இறங்கவேண்டிய இடத்தை நீங்கள் கடைசியாகத் தவறவிட்டது எப்போது?

...

என்ன?

'இப்பத்தான்'னா? இப்போதுதான் என்றால்? போன வாரமா, போன மாதமா, கொஞ்சம் விளக்கமாக... எது? அந்த மொபெட்டா? மொபெட்டில் இருந்தது உங்கள் தங்கச்சி வீட்டுக்காரரா?

அய்யோ. அண்ணே! கண்டக்டர் அண்ணே! வண்டிய நிறுத்தச் சொல்லுங்கண்ணே, கரட்டுப்பட்டி வெலக்கு போயிருச்சா? எப்பவோவா? நீங்க கத்துனீங்க சரி, கரட்டுப்பட்டின்னு பேரச் சொல்லிக் கத்த வேணாமா? வெறும் வெலக்கு வெலக்குன்னா நாங்க என்னத்தக் கண்டோம்? டிக்கெட்டு அதுக்குத்தான் வாங்கியிருந்தாங்கன்னா நீங்கதான எறக்கி விட்டுருக்கணும்? என்னது, நாந்தான் மெதுவான்னு சொன்னேனா? அண்ணே, அது வேற விசயம்ணே, சத்தத்தச் சொன்னேன்.

அக்கா, பதறாதீங்க. கிருஷ்ணன்கோவில்ல எறக்கிவிட்டுருவாராம், அங்க எதிர்ப்பக்கம் நின்னா திரும்பிப் போற பஸ் வரும். வளைகாப்பா? தங்கச்சி மகளுக்கா? பத்தரைக்குள்ளயா? வளையல் பூராவும் இந்தப் பெட்டிலயா இருக்கு? அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா! நீங்க ஒரு வார்த்த வாயத் தெறந்து... சரி, தெறந்தீங்க. மூணு தடவை தெறந்தீங்கதான்.

இருங்கக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் போனப் பாருங்க. 'கரட்டுப்பட்டி விலக்கு நெருங்குகிறது.' 'கரட்டுப்பட்டி விலக்கு. இறங்கவும்.' 'கரட்டுப்பட்டி விலக்கு கடந்துவிட்டது.' எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லியிருக்கு! செயலி வேலை செய்யுது அக்கா! ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக நிஜமான ரோட்டில், நிஜமான பயனருக்கு, அணுவளவும் பிசகாமல் வேலை செய்திருக்கிறது! அதன் வாயை நான் மூடினேன் என்பது வேறு. அது வடிவமைப்புக் குறை, பக்கத்து சீட்டுக்காரர் மூட முடியாதபடி திருத்திவிடலாம்.

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை, போனுக்குப் பக்கத்தில் சொல்லுங்கள். 'ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தானம்மா உக்காந்தேன், நம்பித்தானம்மா உக்காந்தேன்.' அப்பா! பெரிய எழுத்தில் போடவேண்டிய வாக்கியம்! பக்கத்து சீட்டை நம்பி உட்கார்ந்தால் ஒரு பெண்ணுக்கு என்ன கதி ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? நாளைக்கு மேடம் இதைக் கேட்கட்டும். நடுவில் நான் கொஞ்சம் சூழலை விளக்கியிருக்கிறேன், அது மட்டும்தான் சற்று நீளம். ஆனால் கேள்வி ஒன்று, பதில் ஒன்று. கேட்டுவிட்டு வாயை மூடினேனா இல்லையா? மூடினேன். அதையும் பதிவில் கேட்கலாம்.

கிருஷ்ணன்கோவில் வந்துவிட்டது அக்கா. பார்த்தீர்களா, சொன்னேனே, இடம் வந்தால் சொல்வேன் என்று! பார்த்து இறங்குங்கள், பெட்டியை என்னிடம் கொடுங்கள், ஜன்னல் வழியாக நீட்டுகிறேன். பிடித்துவிட்டீர்களா? வளைகாப்பு நல்லபடியாக நடக்கட்டும். அக்கா, ஒரு நிமிடம்! உங்கள் பெயரைக் கேட்கவே இல்லையே! என்ன... பஸ் சத்தத்தில் கேட்கவில்லை... பரவாயில்லை, விடுங்கள்! எப்படியும் மாற்றத்தான் போகிறேன்!